காயம் இல்லை, மேடம்

காயம் என்ற சொல்லோடு எனக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விளையாட்டில் ஏற்படும் காயங்களை ஆராய்வது என் தொழில் என்பதால் அந்தச் சொல்லை நாள்தோறும் எழுத வேண்டியிருக்கிறது. அதே சொல்தான் என் முதல் கள ஆய்வைக் குப்பைக்கூடைக்கு அனுப்பியது.

வட சென்னையில் ஒரு பள்ளி மைதானம். காலைப் பயிற்சி முடிந்து, கபடி அணியின் பையன்கள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு வினாத்தாளும் பேனாவும் கொடுத்தேன். ‘கடந்த 12 மாதங்களில் விளையாட்டின்போது உங்களுக்குக் காயம் ஏற்பட்டதா?’ என்பது முதல் கேள்வி. ‘ஆம்’ என்பவர்கள் மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். ஒருவர் பாக்கியில்லாமல் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியாகக் கொடுத்த பையனின் வலது கணுக்காலில் அழுக்கேறிய கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தது. அவன் பக்கத்தில் இருந்தவனின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் சேர்த்து பிளாஸ்திரி ஒட்டப்பட்டிருந்தன.

“இது என்ன தம்பி?” என்று கணுக்காலைக் காட்டிக் கேட்டேன்.

“இதுவா மேடம்? சுளுக்கு. ஆங்கிள் புடிச்சான், திரும்பிடுச்சு.”

“அப்புறம் காயம் இல்லைன்னு போட்டிருக்கியே?”

“ரத்தமே வரலையே மேடம்!” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அவனைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்துத்தான்.

அவன் சொன்னது முழுக்கச் சரி. மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தவர்கள் காயம் என்று எதைச் சொல்கிறார்களோ, அது மைதானத்தில் காயம் ஆகாது. தோல் கிழிந்து ரத்தம் கசிந்தால் காயம். மற்றதற்கெல்லாம் தனித்தனிப் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன: அடி, ஊமையடி, சுளுக்கு, பிடிப்பு, வீக்கம், ‘ஜவ்வு’ கிழிந்தது, எலும்பு விட்டது. (அகராதியைத் திறந்தால் காயத்துக்கு உடல் என்றே ஒரு பொருள் உண்டு. அப்படிப் பார்த்தால் காயம் இல்லாத ஆட்டக்காரர் யாரும் இருக்க முடியாது.) அன்று சேகரித்த தாள்களின்படி அந்த அணி, உலகிலேயே பாதுகாப்பாகக் கபடி ஆடும் அணியாக இருந்தது.

வினாத்தாளைத் திருத்தி எழுத எனக்கு ஓராண்டு பிடித்தது. காயம் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, ‘போன வாரம் எத்தனை நாள் பயிற்சிக்கு வந்தாய், எத்தனை நாள் வந்தும் முழுசாக ஆடவில்லை, எங்கே வலித்தது’ என்று கேட்கத் தொடங்கினேன். பதில்கள் கொட்டின. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 2013இல், ஆஸ்லோவில் உள்ள விளையாட்டுக் காய ஆய்வு மையத்தினர் கிட்டத்தட்ட இதே போக்கில் நான்கு கேள்விகளை வெளியிட்டார்கள்: வலியால் பங்கேற்பு குறைந்ததா, பயிற்சியின் அளவு குறைந்ததா, ஆட்டம் பாதிக்கப்பட்டதா, வலி எவ்வளவு. படித்தபோது பாதி மகிழ்ச்சியும் பாதி வயிற்றெரிச்சலும் ஏற்பட்டன. நான் என் கேள்விகளைத் தமிழில் வைத்துக்கொண்டு மேசை இழுப்பறையில் பூட்டியிருந்தேன்.

இந்தத் துறைக்கு நான் வந்த கதையும் ஒரு சொல்லாத அடியில்தான் தொடங்குகிறது. கல்லூரியில் நான் வாலிபால் ஆடினேன். ஒரு போட்டியின் இரண்டாவது செட்டில் வலைக்கருகில் பிளாக் செய்துவிட்டு இறங்கியபோது, எதிரணிக்காரியின் பாதத்தின் மேல் என் இடது கால் இறங்கியது. வாலிபாலில் கணுக்கால் திரும்புவதற்கு மிகவும் பழக்கப்பட்ட வழி அதுதான் என்று பின்னாளில் படித்தேன்; அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் வலி மட்டும்தான். பி.டி. மேடம் ஸ்ப்ரே அடித்து, இறுக்கக் கட்டி, “கொஞ்சம் ஓரமா உட்காரு” என்றார். மூன்றாவது செட்டில் ஆள் போதவில்லை. என்னைப் பார்த்து, “முடியுமா?” என்றார். “முடியும் மேடம்” என்றேன். அவர் கெட்டவர் அல்லர். என்னைவிட அதிகம் கவலைப்பட்டவர் அவர். ஆனால் அந்தக் கேள்வியை அந்த நேரத்தில், அத்தனை பேர் முன்னிலையில், பதினெட்டு வயதுப் பெண்ணிடம் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றி நடக்கும்போது நடைபாதைக் கல் சற்று ஏறி இறங்கினாலும் அந்தக் கணுக்கால் இன்றுவரை தன்னை நினைவூட்டுகிறது.

இயன்முறை மருத்துவம் படித்து, மேற்படிப்பு முடித்து, ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்த முதல் ஆண்டில் நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றின் எலும்பு சிகிச்சைப் புறநோயாளிப் பதிவேடுகளை மாதக்கணக்கில் புரட்டினேன். விளையாடி அடிபட்டு வந்த மாணவர்களை ஆட்டவாரியாக எண்ணினேன். கால்பந்து முதலிடத்தில் இருந்தது. கோ-கோ கடைசியில் கிடந்தது. ‘சென்னை மாணவர்களுக்கு மிக ஆபத்தான விளையாட்டு கால்பந்து’ என்று தலைப்பையும் யோசித்து வைத்துக்கொண்டு என் நெறியாளரிடம் போனேன். அவர் அட்டவணையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“கோயில் வாசல்ல கிடக்கிற செருப்பை எண்ணி ஊர் ஜனத்தொகை சொல்ற மாதிரி இருக்கும்மா. கால்பந்து எத்தனை பேர் ஆடறாங்க? கோ-கோ எத்தனை பேர் ஆடறாங்க? ஒரு வாரத்துல எத்தனை நாள்?”

எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. வியாசர்பாடியில் தெருவுக்குத் தெரு பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள். அத்தனை பேர் ஆடும் ஆட்டத்திலிருந்து அதிகம் பேர் மருத்துவமனைக்கு வருவதில் வியப்பு ஒன்றும் இல்லை. மேலும், மருத்துவமனைக்கு வந்தவர்கள் வந்தவர்கள்தாம். வராதவர்களைப் பற்றி அந்தப் பதிவேடு வாய் திறக்காது. ஓராண்டு உழைப்பைக் கட்டிப் பரணில் போட்டேன். அந்தக் கட்டு இன்னும் இருக்கிறது. கரையானுக்குக்கூட அதில் ஆர்வம் இல்லை.

இந்தத் துறையில் வகுக்கும் எண்தான் பாதி அறிவியல். ஒரு மாணவர் ஒரு பயிற்சியிலோ ஒரு போட்டியிலோ கலந்துகொண்டால் அது ஒரு பங்கேற்பு. 20 பேர் கொண்ட அணி வாரத்துக்கு 5 நாள் பயிற்சி செய்தால் 100 பங்கேற்புகள். பத்து வாரத்தில் 1,000. அந்த ஆயிரத்துக்கு எத்தனை அடி என்று சொன்னால்தான் கபடியையும் கூடைப்பந்தையும் அருகருகே வைத்துப் பேச முடியும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 1982 முதல் இப்படி எண்ணி வருகிறது. 15 விளையாட்டுகளில் 16 ஆண்டுகள் திரட்டிய பதிவுகளை 2007இல் தொகுத்து வெளியிட்டபோது, போட்டிகளில் 1,000 பங்கேற்புக்கு 13.8 காயங்கள், பயிற்சியில் 4.0 என்று கணக்கு வந்தது. பாதிக்கு மேல் இடுப்புக்குக் கீழே, தனித்து அதிகம் கணுக்காலில். இந்த எண்களை நம் ஊருக்கு அப்படியே பெயர்த்து நடக்கூடாது. அவர்களுடைய ஆட்டங்கள் வேறு, தரை வேறு, ஒவ்வோர் அணியோடும் பயிற்சிபெற்ற காயப் பராமரிப்பாளர் ஒருவர் இருக்கும் வசதியும் வேறு. நான் கால் வைத்த பள்ளிகளில் அந்தப் பராமரிப்பாளர், பயிற்சியாளர், நடுவர், கொடியேற்று விழா ஒருங்கிணைப்பாளர், அசெம்பிளியில் வரிசையைச் சரி செய்பவர் எல்லாரும் ஒரே ஆள்: பி.டி. மாஸ்டர்.

எண்ணுவதால் என்ன பயன் என்று என்னிடம் கேட்காத தலைமையாசிரியர் இல்லை. அவர்களுக்கு நான் சொல்லும் எடுத்துக்காட்டு அமெரிக்கக் கால்பந்து, அதாவது தலைக்கவசம் போட்டு மோதிக்கொள்ளும் அந்த ஆட்டம். தலையை ஈட்டிபோல முன்னால் நீட்டி மோதியதில் கழுத்தெலும்பு நொறுங்கிக் கைகால் செயலிழந்த இளைஞர்களை அங்கே ஒரு குழு ஆண்டுதோறும் எண்ணி வந்தது. எப்படி மோதும்போது கழுத்து முறிகிறது என்று அந்தக் கணக்கு காட்டிக்கொடுத்ததால், அப்படித் தலையால் மோதுவதைத் தடைசெய்து 1976இல் விதியை மாற்றினார்கள். அந்த ஆண்டுப் பருவத்தில் 34ஆக இருந்த அத்தகைய கைகால் செயலிழப்புகள் 1984இல் 5ஆகக் குறைந்தன. புதிய கருவியும் இல்லை, மருந்தும் இல்லை; விதிப்புத்தகத்தில் ஒரு திருத்தம், அதற்குப் பின்னால் ஒரு கணக்கு நோட்டு, அவ்வளவுதான்.

எங்கள் வேலையில் தினமும் பார்ப்பது கழுத்து அல்ல, முழங்கால். ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். பதினோராம் வகுப்பு, கோ-கோ அணியின் மிகச் சிறந்த ஓட்டக்காரி. துரத்தி வருபவளைக் கம்பத்தருகே ஏய்க்க வலப்பக்கம் போவதுபோல் போய், சட்டென்று இடப்பக்கம் வெட்டினாள். யாரும் அவளைத் தொடவில்லை. பாதம் தரையில் ஊன்றி நிற்க, முழங்கால் உள்பக்கமாக மடிந்து, அவள் உட்கார்ந்துவிட்டாள். “டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு மேடம். யாரோ பின்னாடி உதைச்ச மாதிரி இருந்துச்சு, திரும்பிப் பார்த்தா யாருமே இல்ல” என்று பிறகு என்னிடம் சொன்னாள். ஏ.சி.எல். என்னும் முழங்கால் நடு ஜவ்வு அறுந்த எத்தனையோ பேர் ஏறக்குறைய இதே சொற்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் மோதல் இல்லாமலே இது அறுகிறது. கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் பையன்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

அன்று மாலையே அவளை அந்தப் பகுதியில் சுளுக்கு வழிப்பவரிடம் கூட்டிப்போனார்கள். எண்ணெய் விட்டு அழுத்தி வழித்ததில் இரவுக்குள் முழங்கால் பலாக்காய்போல் வீங்கியது. மறுநாள் நாட்டுக் கட்டுப் போடும் இடம். அங்கிருந்தவர் தொட்டுப் பார்த்துவிட்டு, “எலும்பு உடையல, இது ஜவ்வு மாதிரி தெரியுது, ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். இந்த இடத்தை நான் கூட்டங்களில் சொல்லும்போது மருத்துவர்கள் நம்ப மறுப்பார்கள். ஆனால் அவர் அப்படித்தான் சொன்னார். வீட்டு வேலைக்குப் போகும் அவள் அம்மாவால் மருத்துவமனைக்கு ஒரு நாள் முழுவதும் ஒதுக்க முடியவில்லை. மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, நடை சரியானது. கிழிந்த ஏ.சி.எல். வஞ்சிப்பது இப்படித்தான்: நேராக நடக்கவும் ஓடவும்கூட விடும், வெட்டித் திரும்பும்போதுதான் கைவிடும். அவள் மறுபடி ஆடினாள், மறுபடி விழுந்தாள், இந்த முறை மூட்டுக்குள் இருக்கும் திண்டுக் குருத்தெலும்பும் கிழிந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது முதல் அடிக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. நான் வைத்திருக்கும் பதில் வேறொன்றுக்கு. அவள் என்னிடம் கேட்டது: “மாநிலப் போட்டிக்கு எட்டு வாரம் இருக்கு மேடம், அதுக்குள்ள ஆப்பரேஷன் பண்ணிட்டு ஆடிடலாமா?” நார்வேயில் செய்து 2016இல் வெளியான ஆய்வொன்று, அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்பதாம் மாதம் வரை மைதானத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று கண்டது. ஒன்பது மாதம் என்றேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்துவிடும்.

இங்கேதான் சான்றிதழ் வருகிறது. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும் பள்ளிப் போட்டிகளில் பெறும் ஒவ்வொரு தாளுக்கும் வீட்டில் ஒரு மதிப்பு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவு, கல்லூரியில் கட்டணச் சலுகையும் விடுதி இடமும், பின்னால் தமிழக அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீடு. இவையெல்லாம் நல்ல திட்டங்கள். கண்ணகி நகரிலும் காசிமேட்டிலும் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றக்கூடியவை. ஆனால் அந்தத் தாள் ஆடுபவருக்குத்தான் கிடைக்கிறது, ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அல்ல. வலிக்கிறது என்று சொல்லும் பெண், அந்தச் சொல்லுக்குக் கொடுக்கும் விலை ஓர் இடம். இதை உணர்ந்த பிறகு, மாணவர்கள் மறைக்கிறார்கள் என்று எழுதுவதை நிறுத்திக்கொண்டேன். கணக்குப் பார்க்கிறார்கள் என்று எழுதுகிறேன்.

கிரிக்கெட்டில் இந்தக் கணக்கு வேறு மாதிரி தப்புகிறது. பதினைந்து வயது வேகப்பந்து வீச்சாளன் ஒருவன் முதுகுவலி என்று வந்தான். வலது கைப் பந்துவீச்சு, இடது பக்க இடுப்புக்கு மேலே வலி. வளரும் பையன்களில், வீசும் கைக்கு எதிர்ப்புறம், கீழ் முதுகெலும்பில் வரும் அழுத்த விரிசலின், அதாவது ஓயாத சுமையால் எலும்பில் விழும் கீறலின், முகவரி அதுதான். அவன் பள்ளிக்காக ஆடினான், வார நாள் மாலைகளில் ஓர் அகாதெமியில் வீசினான், ஞாயிறுகளில் ஒரு லீக் கிளப்புக்கும் வீசினான். மூன்று கோச்சும் பொறுப்பானவர்கள். மூவரும் தத்தம் இடத்தில் அளவாகத்தான் போட வைத்தார்கள். மூன்று அளவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் வயதுவாரியாக ஒரு முறைக்கு இத்தனை ஓவர், ஒரு நாளைக்கு இத்தனை ஓவர் என்று இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு எல்லை வகுத்திருக்கிறது. அதை அவன் அப்பாவிடம் காட்டினேன். “மூணு இடத்துலயும் நல்லாப் போடறான்னுதானே மேடம் சொல்றாங்க” என்றார், பெருமையும் திகைப்புமாக. அன்று முதல் அவர் பாக்கெட் நோட்டில் பந்துகளை எழுதத் தொடங்கினார். நான் பார்த்ததிலேயே மிகத் துல்லியமான தரவு அவருடையது. மளிகைக்கடை வைத்திருப்பவர், பேரேடு எழுதிப் பழகிய கை.

தலையில் படும் அடியைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் 13 வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் அடிபட்ட அதே ஆட்டத்தில் மறுபடி இறக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டான். 2009இல் அவன் பெயரில் அங்கே சட்டம் வந்தது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே மாணவரை வெளியே எடுக்க வேண்டும், மருத்துவச் சான்று இல்லாமல் திரும்ப அனுப்பக்கூடாது. சில ஆண்டுகளில் மற்ற மாநிலங்களும் அப்படியே செய்தன. நம் மைதானங்களில் முகத்தில் தண்ணீர் தெளிப்பதும், “இது எத்தனை?” என்று விரலைக் காட்டுவதும்தான் நடைமுறை. இரண்டு என்று சரியாகச் சொல்லிவிட்டால் ஆட்டத்துக்குள் போகலாம்.

சென்னை வெயில் ஒரு தனி அத்தியாயம். கோடை முகாம்களில் மாலைப் பயிற்சி தொடங்கும்போது, “கடல் காத்து வந்துடுச்சு, இனி பயமில்ல” என்று கோச்சுகள் சொல்வார்கள். உடலுக்கு இதமாக இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் காற்று ஈரத்தையும் கூடவே கொண்டுவருகிறது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், ஈரக் காற்றில் அது ஆவியாகாமல் வழிந்து ஓடுகிறது. 1950களில் அமெரிக்கப் படைகளின் பயிற்சி முகாம்களுக்காக உருவாக்கப்பட்ட வெப்பக் குறியீட்டில், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு 70 விழுக்காடு எடை, வெயிலில் வைத்த கருங்கோளத்துக்குள் பதிவாகும் வெப்பநிலைக்கு 20, நாம் செய்தியில் கேட்கும் சாதாரண வெப்பநிலைக்கு வெறும் 10. அந்தக் குறியீட்டைக் காட்டும் கையடக்கமான மானி ஒன்றை மைதானத்தில் வைத்துவிட்டு, கடல் காற்று வந்த பிறகும் குறியீடு எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை என்று ஒரு கோச்சிடம் காட்டினேன். “மெஷின் ரிப்பேர் போல மேடம்” என்றார்.

தடுப்பு வழிகள் இல்லாமல் இல்லை. ஃபிஃபாவின் ஆதரவில் உருவான ‘11+’ என்ற, ஆட்டத்துக்கு முன் செய்யும் தயார்ப் பயிற்சியை நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 கால்பந்துப் பெண்களிடம் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள்: காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, கடுமையானவை கிட்டத்தட்டப் பாதி. இருபது நிமிடம் பிடிக்கும். கருவி எதுவும் வேண்டாம். இதை ஆர்வமாக ஒரு பி.டி. மாஸ்டரிடம் எடுத்துச் சென்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பீரியட் நாப்பது நிமிஷம் மேடம். கிளாஸ்ல இருந்து வரிசையா இறக்கப் பத்து நிமிஷம், தண்ணி குடிச்சு ஏத்தப் பத்து நிமிஷம். மிச்சம் இருபது. அதுல நீங்க சொல்றதையே செஞ்சா, பசங்க பந்தைத் தொடறது எப்ப? அதுவும் கணக்கு டீச்சர் பீரியடைக் கேக்காம இருந்தா.” நான் படித்த கட்டுரைகள் எதிலும் கணக்கு டீச்சர் இடம்பெறவில்லை.

அவரும் நானும் சேர்ந்து அதைப் பத்து நிமிடத்துக்குக் குறைத்தோம். ஒற்றைக்காலில் குதித்து இறங்குவது, இறங்கும்போது முழங்கால் உள்ளே மடியாமல் பாதத்தின் நேரே நிற்கப் பழகுவது, மண்டியிட்டு ஒருவர் கணுக்காலை மற்றவர் பிடிக்க முன்னால் மெல்லச் சாய்வது. சாயும்போது எல்லாப் பெண்களும் முகம் குப்புற விழுந்து சிரிப்பார்கள். நான்கு வாரத்தில் பாதி பேர் விழுவதில்லை. சுருக்கிய வடிவம் மூலத்தைப் போலவே வேலை செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். செய்யப்படாத இருபது நிமிடத்தைவிடச் செய்யப்படும் பத்து நிமிடத்தை எண்ண முடியும் என்பதுதான் என் நிலைப்பாடு.

அந்தப் பள்ளியின் முதலுதவிப் பெட்டியை முதல் நாளில் திறந்து காட்டச் சொன்னேன். சாவி அலுவலக உதவியாளரிடம். அவர் வங்கிக்குப் போயிருந்தார். அவர் வந்து திறந்தபோது உள்ளே இருந்தவை: காலாவதியான வலி ஸ்ப்ரே ஒன்று, மூடி இறுகிய அயோடெக்ஸ், பாதி டெட்டால், பஞ்சு, கத்தரிக்கோல், முந்தைய விளையாட்டு விழாவின் பரிசுச் சீட்டுகள். ஐஸ் வைக்க இடம் இல்லை. எதிர்ப்புறம் ஜூஸ் கடைக்காரர் ஐஸ் கட்டி தருவார் என்று மாஸ்டர் சொன்னார். அதற்கு மாதக் கணக்கு வைத்து அவரே கைக்காசில் கொடுத்துவந்தார். பெட்டிக்குள் அன்று நான் ஒரு 192 பக்க நோட்டை வைத்தேன். நான்கு பத்தி: தேதி, எத்தனை பேர் வந்தார்கள், யார் முழுசாக ஆடவில்லை, எங்கே வலி. பெயருக்குப் பதில் சட்டை எண்.

முதலாண்டு அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வரிகள்தான் இருந்தன. இரண்டாம் ஆண்டில் பக்கங்கள் நிறைந்தன. வலிக்கிறது என்று எழுதினால் அணியிலிருந்து எடுக்கமாட்டார்கள், அன்றைய பயிற்சியை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள் என்று பிள்ளைகளுக்கு மெல்லப் புரிந்ததுதான் காரணம். ஆனால் ஆண்டறிக்கையில் அந்த எண்களைப் பார்த்த தாளாளர் தலைமையாசிரியையை அழைத்து, “இந்த மேடத்தை உள்ளே விட்ட பிறகு நம்ம ஸ்கூல்ல காயம் அதிகமாயிடுச்சே” என்று கேட்டிருக்கிறார். வேறொரு பள்ளியில் இதே கட்டத்தில் என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அங்கே காயமே ஏற்படுவதில்லை என்று எழுத்து மூலமாகவே எனக்குப் பதில் வந்தது. இந்தத் தலைமையாசிரியை அப்படிச் செய்யவில்லை. “நீங்களே ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க, நான் என் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்” என்றார்.

அவர் அறையிலேயே உட்கார்ந்து எழுதினேன். ‘பதிவான காயங்களின் எண்ணிக்கை உயர்ந்ததற்கு, பதிவு செய்யும் பழக்கம் உயர்ந்ததே காரணம்’ என்று தொடங்கி, அடித்துவிட்டு, காயம் என்ற சொல் வரும் இடமெல்லாம் ‘அடி, சுளுக்கு, வலி காரணமாக முழுமையாக ஆட இயலாத நாள்கள்’ என்று மாற்றினேன். கடிதம் இரண்டு பக்கத்துக்கு நீண்டது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“இது புரியும். ஆனா நாள்கள் குறைஞ்சிருக்கான்னு அவர் அடுத்த கேள்வி கேட்பாரே?”

“அடுத்த வருஷ நோட்டு வந்தாத்தான் மேடம் சொல்ல முடியும்.”

“மாஸ்டர் மே மாசம் ரிட்டயர் ஆகிறார். அப்புறம் நோட்டை யார் எழுதுவாங்க?”

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. மாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் நோட்டோடு வந்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பொதுத்தேர்வுப் பணிக்கு அவர் வேறு பள்ளிக்குப் போயிருந்த மூன்று வாரமும் உருண்டையான, சாய்வில்லாத கையெழுத்தில் வரிகள் தொடர்ந்திருந்தன. ஒரு நாள்கூட விடுபடவில்லை. “7ஆம் நம்பர் மேடம், வாலிபால் கேப்டன். லெவன்த் படிக்குது” என்றார். கடைசிப் பத்தியில், மூன்றாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமைக்கு எதிரே, 7 என்ற எண்ணை அவளே எழுதி, பக்கத்தில் ‘இடது கணுக்கால், சொல்லிட்டு உட்கார்ந்தேன்’ என்று எழுதியிருந்தாள். தலைமையாசிரியை முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றிக் கடிதத்தில் பதித்தார்.